நாடா திரும்பும் நேரம்

திருப்பருத்திக்குன்றம்
12-11-1970

அன்புள்ள வேணி,

நான் எழுதுவதற்கே முதலில் மன்னித்துவிடு. "திரிசலா அக்கா மூஞ்சியில இனிமே முழிக்க மாட்டேன்" என்று நீ என் தம்பி அஜிதனிடம் சொல்லிவிட்டுப் போனாயாம். கடிதத்தில் முகம் தெரியாது என்ற ஒரே தைரியத்தில் எழுதுகிறேன்.

விலாசம் உன் அம்மா கொடுத்தார். "திங்கக்கிழமை காலையில மொத பஸ்ஸுக்கே கெளம்பி ஆரணிக்குப் பூட்டா, தேவகி வூட்டுக்கு. என்னா ஆச்சுன்னு கேட்டா வாயைத் தொறக்கல. நீயாவது சொல்லும்மா" என்றார். நானும் வாயைத் திறக்கவில்லை. காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டைப் பாதியில் விட்டு நீ மேடையிலிருந்து இறங்கிப் போன பிறகு நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. யாரும் திட்டவில்லை. பின்வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள், அது உனக்கே கேட்டிருக்கும். கோதண்டபாணி அண்ணன் ஆர்மோனியத்தை நிறுத்தாமல் அதே மெட்டை இன்னொரு முறை வாசித்து முடித்தார். நீ திரும்பி வருவாய் என்று நினைத்தாரோ என்னவோ. முருகேசன் பாங்கோஸ் மேளத்தின் மேல் இரண்டு கையையும் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். எங்கள் அஜிதன் மட்டும் மாண்டலினில் எதையோ வாசித்துக்கொண்டே இருந்தான், அவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. பிறகு மியூசிக் கிளப் செயலாளர் கைலாசம் சார் மைக்குக்கு வந்து, "பச்சைக்கிளி மெல்லிசைக் குழுவினருக்கு இது முதல் மேடை. அடுத்து நமது வழக்கமான நிகழ்ச்சி" என்றார். ஜமக்காளத்தைக்கூட மாற்றவில்லை. வாய்ப்பாட்டு வித்வான் அதே ஜமக்காளத்தில் வந்து உட்கார்ந்தார்.

உன் செருப்பு ஹால் வாசலிலேயே கிடந்தது. எடுத்து வைத்திருக்கிறேன்.

நாற்பது நாள் முருகேசன் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். ஒரு நாள்கூட நீ அந்தப் பாட்டில் நின்றதில்லை. மேடையில் முதல் இரண்டு பாட்டும் ஓரளவு ஓடிவிட்டன. மூன்றாவதான ஏரிப் பாட்டில் இரண்டாம் சரணத்தில் ஏன் நின்றாய் என்று என்னிடம் எல்லோரும் கேட்கிறார்கள். பாட்டை எழுதியவள் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள்.

டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிறேன், வருகிறேன். ஒரே பக்கத்தை மூன்று முறை தப்பாக அடித்தேன். வீட்டில் உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் நடக்கத் தோன்றுகிறது. ஒரு வரியாவது போடு.

அன்புடன்,
திரிசலா

◆

ஆரணி
17-11-70

பி.ஏ. படித்த திரிசலா அம்மாள் அவர்களுக்கு கிருஷ்ணவேணி எழுதிக்கொண்டது.

நலம். நலம் அறிய ஆவல் என்று அடுத்து எழுத வேண்டும் என்று ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அந்த ஆவல் இல்லை.

முதல் விஷயம், இனிமேல் இன்லண்டில் எழுதாதே. தபால்காரர் எங்க தேவகி அக்கா வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டார். மாமா அதைப் பிரிக்கவில்லை. பக்கவாட்டில் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தே பாதி படித்துவிட்டார். "யாரும்மா அது, செருப்பு வச்சிக்கினு இருக்கிறது?" என்று கேட்டார். எழுதுவதாக இருந்தால் கவரில் போடு. எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

ஊரில் எல்லோரும் என்னைக் கேட்காமல் உன்னைக் கேட்கிறார்களா? நல்லது. உனக்குத் தெரியும்தானே. சொல்லிவிட வேண்டியதுதானே.

நானே சொல்கிறேன். "போன வருசம் பறந்த கொக்கு" வரைக்கும் வந்தேன். அங்கே மூச்சு தீர்ந்துபோனது. இழுக்கலாம் என்று பார்த்தால் முருகேசன் கை ஓடிக்கொண்டே இருக்கிறது, இழுக்க இடமே இல்லை. மூச்சைப் பிடித்த நேரத்தில் அடுத்த வார்த்தை பறந்து போய்விட்டது. அப்போது யாரைப் பார்த்தேன்? முதல் வரிசையில் மூன்றாவது நாற்காலி. உன்னைத்தான் பார்த்தேன். நீ எழுதின வரி. உன் வாயிலேயே இருந்தது. எனக்கும் உனக்கும் நடுவில் ஆறு முழம்கூட இல்லை. உதட்டை அசைத்திருந்தால் போதும், நான் பிடித்திருப்பேன்.

நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

பின்னால் சிரித்தவர்களை நான் மறந்துவிட்டேன், அவர்கள் யாரோ. உன் வகிட்டைத்தான் மறக்க முடியவில்லை. நேர் வகிடு, பூகூட இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது.

இனிமேல் பாட மாட்டேன். இங்கே அக்காவுக்குத் தறி நூலை ராட்டினத்தில் தார் சுற்றிக் கொடுக்கிறேன். ராட்டினம் பாட்டு கேட்பதில்லை, நிம்மதியாக இருக்கிறது.

செருப்பை வீட்டில் கொடுத்துவிடு.

கிருஷ்ணவேணி

◆

திருப்பருத்திக்குன்றம்
21-11-1970

வேணி,

எனக்கு வரி தெரியும். மறக்கவில்லை. "போன வழியே திரும்பி வந்து." நீ பார்த்தபோது அது என் நாக்கு நுனியில் இருந்தது. வாய் திறக்கவில்லை.

காரணம் சொல்லித் தப்பிக்க எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். வேலூர் கல்லூரியில் மூன்று வருடமும் ஆஜர் எடுக்கும்போது "பிரசன்ட்" என்று நான் சொல்வது பேராசிரியைக்குக் கேட்காது. பக்கத்தில் உட்காரும் பெண்தான் எனக்காகக் கையைத் தூக்குவாள். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அங்கே எதைச் சொன்னாலும் தப்பாகிவிடும் என்று பயந்து பயந்து, தப்பில்லாததையும் சொல்லாமலே மூன்று வருடத்தை ஓட்டினேன். பட்டம் கிடைத்தது, குரல் கிடைக்கவில்லை. அதனால்தான் பாட்டை எழுதி உன் கையில் கொடுத்தேன். என் பெயரை அறிவிக்க வேண்டாம் என்று பாணி அண்ணனிடம் கேட்டுக்கொண்டதும் நான்தான். நீ பாடும்போது அந்த வார்த்தைகள் ஹால் முழுக்கப் போகும், நான் மட்டும் நாற்காலியில் பத்திரமாக இருப்பேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். நீ பார்த்ததும் அந்த நாற்காலியே என்னைக் காட்டிக்கொடுத்ததுபோல ஆகிவிட்டது.

நீ என்னைத் திட்டியது சரி. பாட மாட்டேன் என்பதுதான் சரியில்லை.

நேற்று பாணி அண்ணனின் ரேடியோ ரிப்பேர் கடைக்குக் கைலாசம் சார் வந்திருந்தார். நான் கடைக்கு மேல்மாடியில் டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். பேச்சு காதில் விழுந்ததும் பாதிப் படியிலேயே நின்றுவிட்டேன்.

"டிசம்பர் பதிமூணு, ஞாயித்துக்கிழமை ஆறு மணி. அரை மணி நேரம் தரேன்" என்றார்.

"நெசமாவா சார்?" என்றார் பாணி அண்ணன்.

"அப்புறம் மார்கழி பொறந்துடும். ஹால் பஜனைக்குப் போயிடும். தை மாசியில கல்யாணம். இத விட்டா அடுத்த வருஷந்தான். ஆனா ஒண்ணு. அந்த ஏரிப் பாட்ட முழுசாப் பாடணும். பாதியில வுட்ட பாட்டு நம்ம ஹால்லயே சுத்திக்கினு இருக்குதுபா. எனக்கே தூக்கம் வர்ல."

"பாடற பொண்ணு ஊர்ல இல்ல சார்."

"பொண்ணா இல்ல ஊர்ல?"

வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டார். பாணி அண்ணன் உடனே அஜிதனைக் கூப்பிட்டு லில்லி என்று ஒரு பெண்ணைப் பற்றி விசாரித்தார். வாலாஜாபாத்தில் டீச்சர் டிரெயினிங் படிக்கிறாளாம், சர்ச்சில் பாடுகிறாளாம். வரும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

இதை உன்னைச் சீண்டுவதற்காக எழுதவில்லை. இருபத்திரண்டு நாள் இருக்கிறது என்பதற்காக எழுதுகிறேன். கவரில்தான் போடுகிறேன்.

திரிசலா

பி.கு.: செருப்பை இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டால் நீ வர வேண்டிய ஒரு வேலை குறைந்துவிடும்.

◆

ஆரணி
26-11-70

திரிசலாவுக்கு,

லில்லி பாடட்டும். நல்ல பேர், மேடைக்குப் பொருத்தமான பேர். கிருஷ்ணவேணி என்றால் ஏதோ ஆறு வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

அவளுக்கு அந்த வரியில் மூச்சு எங்கே விடுவது என்று யார் சொல்லிக் கொடுப்பது? எனக்கே தெரியாது. அதைத்தான் இங்கே ராவும் பகலும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பாட மாட்டேன் என்று எழுதினேன், யோசிக்க மாட்டேன் என்று எழுதவில்லை.

முருகேசன் வீட்டில் ஒரு நாளைக்கு நாலு தடவை பாடியிருப்பேன். நாற்பது நாள். "கொக்கு" முடிந்ததும் மூச்சு தானாக வந்து நிற்கும். யாரோ கதவைத் திறந்து விட்ட மாதிரி. ஹாலில் அந்தக் கதவு இல்லை.

முந்தாநாள் அக்காவும் மாமாவும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். தறியில் கூலிக்கு நெய்யும் ஆள் மட்டும் இருந்தார், அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். தைரியமாகப் பாடிப் பார்த்தேன். அங்கேயே மறுபடியும் அடைத்துக்கொண்டது. அதே "கொக்கு". ஆளே இல்லாத இடத்தில், தறி ஓடுகிற இடத்தில், எதற்கு அடைக்க வேண்டும்? பயம் என்று சொல்ல முடியாது. தார் ராட்டினத்தைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா?

அந்த ஆள் திரும்பிப் பார்த்து, "என்னாமா, பொறை ஏறிடுச்சா? தண்ணி குடி" என்றார். என் பாட்டு அவருக்குப் புரையேறுகிற மாதிரி இருந்திருக்கிறது.

எனக்குத் தொண்டையிலேயே கோளாறு போல. டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார். நீயும் சிரித்துவிடாதே.

நீ வாய் திறக்காததற்குக் காரணம் எழுதியிருந்தாய். படித்தேன். கோபம் குறையவில்லை, ஆனால் அந்தப் பேராசிரியை மேலேயும் கொஞ்சம் போனது.

வேணி

◆

திருப்பருத்திக்குன்றம்
1-12-1970

அன்புள்ள வேணி,

உன் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை. இதை மட்டும் முதலில் படித்துக்கொள், மற்றதை மெதுவாகப் படி.

உன் கடிதம் வந்த அன்றே முருகேசன் வீட்டுக்குப் போனேன். லில்லிக்குப் பாட்டு நோட்டு வேண்டும் என்று பாணி அண்ணன் அனுப்பியதாகப் பெயர். உள்ளே முருகேசனின் அப்பா நெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் அவன் அம்மா அங்கம்மா அத்தை. தறியில் மாம்பழக் கலர் உடல், அரக்குக் கரை போட்ட புடவை. நீ நெசவுக்காரர் வீட்டுப் பெண், உனக்கு நான் சொல்ல வேண்டாம். ஆனால் ஏர் ஓட்டுகிற வீட்டுப் பெண்ணான எனக்கு அது புதிது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஒரு ஆளால் நெய்ய முடியாது, பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நூல் வைத்து ஓட்டும் கட்டையான நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை நாற்பது நாள் பார்த்தும் நான் பார்க்கவில்லை.

"என்னாமா நின்னுக்கினே இருக்கிற? உக்காரு. தறி கடிக்காது" என்றார் அத்தை.

"கேட்டுக்கிட்டு இருக்கேன் அத்தை."

"கேக்கறதுக்கு இதுல என்னா இருக்குது? பொறந்ததுல இருந்து இதே ரோதனை. எனக்குக் காதுல விழறதே இல்ல. நின்னாத்தான் விழும்."

வேணி, நான் எண்ணினேன். டைப்ரைட்டிங் வகுப்பில் தாளத்துக்கு அடிக்கப் பழக்குகிறார்களே, அந்தப் பழக்கத்தில் விரலால் எண்ணினேன். ஒரு அடி, இரண்டு அடி, பிறகு ஒரு சின்ன நிறுத்தம். அத்தை நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுக்கும்வரை முருகேசன் அப்பாவின் கை காத்திருக்கிறது. கொடுத்ததும் மறுபடியும் ஒன்று, இரண்டு. அந்த நிறுத்தத்தில்தான் நீ மூச்சு விட்டுக்கொண்டிருந்தாய்.

"எங்க வூட்ல தறி நின்னா அடுப்பு நிக்கும், நீங்க பாட்டுக்குப் பாடுங்க, நாங்க பாட்டுக்கு நெய்யறோம்" என்று முதல் நாளே மாமா சொன்னார், நினைவிருக்கிறதா? அப்படியேதான் ஆகிவிட்டது. நாற்பது நாளும் நம் குழுவில் ஐந்தாவதாக ஒரு வாத்தியம் இருந்திருக்கிறது. அதை ஹாலுக்குக் கொண்டுபோகாமல் விட்டுவிட்டோம்.

ஆரணியில் ஏன் அடைத்தது என்று கேட்டாயே. உன் அக்கா வீட்டுத் தறியில் கரை கட்டுகிறதா, இல்லை ஒரே நிறப் புடவையா? ஒரு ஆள்தான் நெய்கிறார் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

முருகேசனிடம் சொன்னேன். "நான் எங்க நிறுத்தறேன்? ஒரே சீராத்தான் வாசிக்கிறேன்" என்று சண்டைக்கு வந்தான். வாசிக்கச் சொன்னேன். தறி ஓட ஓட வாசித்தான். ஒன்று, இரண்டு, நிறுத்தம். அவன் கையும் அத்தைக்காகக் காத்திருந்தது. பிறகு நான் மாமாவிடம் போய், கொஞ்ச நேரம் தறியை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். நானேதான் கேட்டேன். மாமா என்னையே பார்த்தார்.

"எதுக்கு?"

நான் முருகேசனைப் பார்த்தேன். முருகேசன்தான், "டீ குடிங்கப்பா, ரொம்ப நேரமா நெய்யறீங்க" என்றான்.

"என்னிக்கும் இல்லாத அக்கறை" என்றார் அத்தை. ஆனால் எழுந்து போனார்கள்.

வீடு அமைதியானது. முருகேசன் அதே பாட்டை வாசித்தான். நிறுத்தம் இல்லை. பிடிக்க ஆள் இல்லாமல் கை ஓடியது, இரண்டாம் சரணத்துக்குள் முதல் சரணத்தைவிட ஒன்றரை மடங்கு வேகம். அவனே பாதியில் விட்டுவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வேணிய நான்தான் தொரத்தி இருக்கேன்" என்றான்.

இதை எழுதியே ஆக வேண்டும்: ஞாயிற்றுக்கிழமை லில்லி வந்தாள். பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே மாதிரி பாடுகிறாள். அந்த வரியை மட்டும் இரண்டாக வெட்டிவிட்டாள். "போன வருசம்" என்று ஒரு மூச்சு, "பறந்த கொக்கு" என்று ஒரு மூச்சு. பாணி அண்ணன் "போதும், நல்லாருக்குது" என்றார். போதும்தான். கொக்கு மட்டும் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வருகிறது. நான் எழுதியது அப்படி வரும் கொக்கு இல்லை. ஆனால் அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாவம், நல்ல பெண். பஸ்ஸில் வரும்போது எங்களுக்கெல்லாம் கொய்யாப்பழம் வாங்கி வந்திருந்தாள்.

இன்னும் பன்னிரண்டு நாள்.

திரிசலா

◆

ஆரணி
3-12-70

திரிசலா அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நடந்தேன். இங்கே ஒரே நிறப் புடவைதான். கரையும் உடலும் பச்சை. பக்கத்தில் ஆளே கிடையாது. டக் டக் டக் டக் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கே மூச்சு விடுவது?

ஏழு வயதிலிருந்து எங்கள் அப்பாவுக்கு நாடா வாங்கிக் கொடுத்த ஆள் நான். இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தெரியவில்லை. கழனிக்காட்டுப் பெண் உனக்குத் தெரிந்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது. சிரிப்பும் வருகிறது.

தேவகி அக்காவிடம் சொன்னேன். அவள் மறுக்காமல் ஒரு தாம்பாளத்தை எடுத்து வந்து, "எப்படித் தட்டணும் சொல்லு" என்றாள். ஒன்று, இரண்டு, நிறுத்தம் என்றேன். தட்டினாள். பாடினேன்.

நிற்கவில்லை அக்கா. "போன வருசம் பறந்த கொக்கு", அவள் நிறுத்தினாள், கதவு திறந்தது, "போன வழியே திரும்பி வந்து" என்று போய்க்கொண்டே இருந்தேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "அடடே, இதுக்குத்தான் ஊரை வுட்டு ஓடியாந்தியா? தாம்பாளம் அங்கேயே கெடைக்குமே" என்றார்.

ஆனாலும் நான் வரவில்லை. கோபத்தில் சொல்லவில்லை, கேள். மேடையில் யார் தாம்பாளம் தட்டுவது? தறியைத் தூக்கிக்கொண்டு வந்து வைக்க முடியுமா? அங்கம்மா அத்தையை மைக் முன்னால் உட்கார வைத்தால் அவர் ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிடுவார். முருகேசனுக்கு இப்போது தெரிந்துவிட்டது, நிறுத்துவான் என்று நீ சொல்வாய். வீட்டில் நிறுத்துவான். முன்னால் நூறு பேர் உட்கார்ந்ததும் அவன் கை அவன் பேச்சைக் கேட்காது. அவனை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும், பம்பரம் விடும்போதே கயிற்றை அவசரமாக இழுத்துவிடுவான்.

இன்னொரு தடவை அதே இடத்தில் நின்றால் என்னால் இந்த ஜென்மத்தில் குளிக்கும்போதுகூடப் பாட முடியாது. லில்லி வெட்டிப் பாடட்டும். வெட்டினாலும் வீடு போய்ச் சேருமே கொக்கு.

அந்த நிறுத்தத்தைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். முருகேசனுக்கும் கேட்க வேண்டும், எனக்குக் கண்ணிலும் தெரிய வேண்டும். கண்ணில் தெரியாவிட்டால் நான் நம்ப மாட்டேன். போன தடவை கண்ணில் தெரிந்தது ஒரு வகிடுதான்.

அப்படி ஒரு ஆள் இருந்தால் சொல். இல்லாவிட்டால் செருப்பை வீட்டில் கொடுத்துவிடு.

வேணி

◆

திருப்பருத்திக்குன்றம்
8-12-1970

அன்புள்ள வேணி,

ஆள் இருக்கிறது.

முதலில் மற்ற விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். பாணி அண்ணன் சனிக்கிழமை சாயங்காலம்வரை காத்திருப்பதாகச் சொல்லிவிட்டார். செய்யாறு வழியாக வரும் பஸ் நாலரைக்கு ஸ்டாண்டுக்கு வருகிறது. அதிலிருந்து நீ இறங்கினால் ஏரிப் பாட்டு உனக்கு, மற்ற இரண்டு பாட்டு லில்லிக்கு. இறங்காவிட்டால் மூன்றும் லில்லிக்கு. லில்லியிடமும் இதை மறைக்கவில்லை. "அந்தக் கொக்க எனக்கு வேணாம்கா, எங்க நிக்கணும்னே தெரியல" என்று அவளே சொன்னாள்.

நாலு நாளாக ஒத்திகை நடக்கிறது. அங்கம்மா அத்தை ஒரு பழைய நாடாவைக் கொடுத்தார். "ஓடி ஓடித் தேஞ்சிடுச்சி. நெய்யறதுக்கு ஆவாது, தட்டறதுக்கு ஆவும்" என்றார். அதைத் தறிப் பலகையிலிருந்து அறுத்த ஒரு துண்டு மரத்தில் தட்டினால் அசல் தறிச் சத்தம் வருகிறது. ஒன்று, இரண்டு, பிறகு நாடா மேலே நிற்கிறது. மேலே நிற்பது உன் கண்ணுக்குத் தெரியும். முதல் நாள் தட்டும் ஆளின் கை முருகேசனோடு சேர்ந்து ஓடிவிட்டது. இரண்டாம் நாள் அவன் திட்டினான். மூன்றாம் நாள் மாமாவை டீ குடிக்க அனுப்பிவிட்டுப் பார்த்தோம். தறி ஓடாத வீட்டில் முருகேசன் கை நிறுத்தத்தில் நின்றது வேணி. ஒவ்வொரு முறையும் நின்றது. "யப்பா, கயிறு கட்டி இழுக்கற மாதிரி இருக்குது" என்றான். நேற்று மாமா டீ குடித்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் போனா எனக்கு டீயே புடிக்காம பூடும்" என்றார்.

அந்த ஆள் நான்தான். நீ இதற்குள் கண்டுபிடித்திருப்பாய்.

முந்தாநாள் அப்பாவிடம் சொன்னேன். எங்கள் சமண வீட்டில் விளக்கு வைப்பதற்குள் சாப்பாடு முடிந்துவிடும், பொழுது சாய்ந்தபின் யாரும் வாயில் எதுவும் போடுவதில்லை என்று உனக்குத் தெரியும். நீங்களெல்லாம் ஒத்திகையில் சுண்டல் சாப்பிடும்போது என்னைக் கேலி செய்வீர்கள். அதனால் ஐந்தரை மணிக்குத்தான் அப்பா ஒரே இடத்தில் அகப்படுவார். இலையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

"அப்பா, பதிமூணாம் தேதி நம்ம அஜிதன் கச்சேரி."

"அதான் போன மாசமே வாசிச்சானே."

"இந்தத் தடவை நானும் இருக்கணும்."

"போன தடவையும் போயிட்டுத்தானே வந்த."

"கேக்கறதுக்கு இல்லப்பா. மேடையில."

அப்பா கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டார். அம்மா சமையல் அறை நிலைப்படியில் நின்றுவிட்டார்.

"மேடையில உக்காந்து என்னாமா பண்ணுவ?"

"தட்டுவேன்."

"எத்த?"

"ஒரு கட்டையை."

"பி.ஏ. படிச்சிட்டு?"

 நான் தலையைக் குனியவில்லை வேணி. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. "சோறு ஆறுது, பொழுது சாயுது, சாப்புடுங்க" என்று அம்மா சொன்னார். அப்பா சாப்பிட்டார். மோர் ஊற்றிக்கொண்டார். கை கழுவும்போது திரும்பாமலே கேட்டார்.

"கச்சேரி எத்தினி மணிக்கு?"

"ஆறு மணிக்குப்பா."

"அப்ப அஞ்சுக்கே சாப்ட்டுட்டுப் போ. அங்க போயி பட்டினியாத் தட்டிக்கினு இருக்காத."

அது சம்மதம் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். நேற்று பாணி அண்ணன் மேடைக்குக் கணக்குப் போட்டார். ஜமக்காளம் நாலு பேருக்குத்தானாம். பாடுகிறவர், ஆர்மோனியம், மாண்டலின், பாங்கோஸ். "தட்டற சத்தந்தானே வேணும். திரிசலா தெரைக்குப் பின்னால உக்காந்து தட்டட்டும். அதுக்கும் கூச்சம் இருக்காது" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் "சரிண்ணா, எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டேன்.

போதாது.

வீடு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். திரைக்குப் பின்னால் இருந்தால் உனக்கு நாடா தெரியாது, அதனால் போதாது. அது ஒரு காரணம். கடிதத்தில் முகம் தெரியாது என்று முதலில் எழுதினேன் அல்லவா, அந்தத் தைரியத்தில் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். எனக்கு அங்கே உட்கார வேண்டும். என் பாட்டு போகும்போது நானும் அங்கே இருக்க வேண்டும். இப்படி ஒன்றை நான் இதுவரை ஆசைப்பட்டதில்லை, அதனால் நேற்றிலிருந்து ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

பாணி அண்ணனிடம் போய் இதைச் சொல்ல மூன்று முறை கடை வாசல்வரை போனேன். மூன்று முறையும் வகுப்புக்குப் போகிறவள்போல மாடிப்படி ஏறி இறங்கித் திரும்பிவிட்டேன். அப்பாவிடம் கேட்டதிலேயே என்னிடம் இருந்தது எல்லாம் தீர்ந்துவிட்டது.

அன்றைக்கு நீ என்னைப் பார்த்தபோது உனக்காக ஒரு வரி சொல்ல என்னால் முடியவில்லை. அதற்குப் பிறகும் இதைக் கேட்கிறேன். சனிக்கிழமை நாலரை பஸ்ஸில் இறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டதும், பாணி அண்ணனிடம் நீ எனக்காக ஒரு வரி சொல்வாயா? ஜமக்காளத்தில் உன் பக்கத்தில், நாடா வாங்குகிற ஆள் உட்காரும் இடத்தில், திரிசலாவுக்கும் இடம் வேண்டும் என்று.

திரிசலா